தண்டட்டி நுழையாத காது

என் ஆசை அக்கா,

என் காதையும் தைத்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரிக்க ஆளில்லாமல் வீடு வீடாகவே இல்லை அக்கா.

உன் காது கிழிந்த நாள் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நீ வேலை பார்த்த பிரசவ வார்டில் வலி தாங்காத ஒருத்தி, கைக்கு அகப்பட்ட உன் தொங்கு காதைப் பிடித்து இழுத்துவிட்டாள். டாக்டரம்மா அதைத் தைக்கும்போது, "இன்னொண்ணையும் அறுத்துத் தச்சிருங்கம்மா, இந்த வேலைக்கு இது ஒத்துவராது" என்று சொல்லிவிட்டாய். எத்தனை நெஞ்சழுத்தம் உனக்கு!

அம்மாவுக்கு அது வெறும் காதா? நீ கைக்குழந்தையாக இருந்தபோதே குத்தி, பஞ்சுத் திரி, பிறகு ஈயக் குணுக்கு என்று பாரம் ஏற்றி, தோளைத் தொடுகிற வரை அவள் வளர்த்தது. அணைக்கட்டு வேலைக்காக அப்பா நம்மை மதுரைப் பக்கமிருந்து மைசூருக்குக் கூட்டி வந்த பிறகும் அவள் விடாத ஊர்ப்பழக்கம் அது ஒன்றுதான். "நான் வளத்த காத அறுத்துக் குப்பையில போட்டுட்டு வந்திருக்கா!" என்று தேவராஜ மொஹல்லா முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். அதோடு சரி. அதன் பிறகு உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்குச் சோறு போடக்கூட என்னைத்தான் ஏவுவாள். நீ மட்டும் லேசுப்பட்டவளா? "தானா பேசுவா, விடுடி" என்பாய்.

பேசுவதற்குள் ஜுரம் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

கலியாணம் ஆகாமல் போனவளைக் கலியாணப் பெண்ணாக அலங்கரித்துத்தானே நம்மில் அனுப்புவார்கள்? உனக்குப் பட்டுச்சேலை சுற்றியதும் அம்மா பெட்டியைத் திறந்தாள். உனக்கென்று வைத்திருந்த தண்டட்டியை எடுத்து வந்து உன் வலது காதில் துவாரத்தைத் தேடினாள். தலையைத் திருப்பி இடது காதிலும் தேடினாள். அவளுக்கு மறந்தே போயிருந்தது அக்கா! எந்தக் காதுக்காக உன்னோடு பேசாமல் இருந்தாளோ அதையே மறந்துவிட்டாள். தையல் தழும்பு விரலில் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் உன்னிடம் பேசவில்லை. பாவி, அப்போதாவது பேசியிருக்கக் கூடாதா?

இப்போது உன் வார்டிலேயே எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பயந்து பயந்துதான் வீட்டில் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால், அம்மா ஜட்கா வண்டியைக் கூப்பிட்டு வந்து வாசலில் நிற்கிறாள். "கெளம்புடி. அவள மாதிரி கிழிச்சுக்கிட்டு வந்து நிக்காத. மொதல்லயே தச்சிரு."

தைக்கும்போது நான் நெளிந்தேன். "அலுகாடபேடம்மா" என்று டாக்டரம்மா கன்னடத்தில் அதட்டினார். அசையவிடாமல் என் தலையைப் பிடித்துக்கொண்டது அம்மாதான்.

திரும்பி வரும்போது வண்டியில், "வலிச்சுச்சாடி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். என் காதுக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அவளுக்கு வலிச்சிருக்கும்ல? பிஞ்சு தொங்குன காதாச்சே. ஒரு வார்த்த நான் கேக்கலயேடி" என்று ஓவென்று அழ ஆரம்பித்தாள். வண்டிக்காரர் பதறிப்போய்க் குதிரையை நிறுத்திவிட்டார். நீ தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தது எனக்குத்தானே தெரியும். அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

கட்டுப் பிரித்ததும் அவளை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன், இது சத்தியம். உன் அஸ்தியைக் காவேரியில் விட்ட அதே படித்துறையில் கொண்டுவந்து நிறுத்துகிறேன். என்னிடம் கேட்டதை அவள் உன்னிடமே கேட்கட்டும். நீ அழுத்தக்காரி, வீம்புக்குப் பேசாமல் இருந்துவிடாதே. வலிக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லிவிடு அக்கா.

உன் பழைய பாவாடையைக் கட்டி வளர்ந்து, இன்று உன்னைப் போலவே காதும் தைத்துக்கொண்ட
உன் தங்கச்சி,
பொன்னு