முதலில் அவர் போடட்டும்

ஜனவரி 13, ஞாயிறு

துனாஸ் கல்வி இல்லத்தின் நிர்வாகக் குழு இன்று கூடியது. ஐந்து பேர், மூன்று மணி நேரம், இரண்டு தட்டு வாழைப்பழ வறுவல். முடிவு ஒன்றுமில்லை. செயலாளர் என்ற முறையில் கூட்டக் குறிப்பில் "சுமுகமான சூழலில் கலந்து பேசப்பட்டது" என்று எழுதினேன். சுமுகமாம்! தலைவர் ஹார்தோனோவும், இல்லத்தைத் தன் கார் கொட்டகையில் ஆரம்பித்த ரத்மியம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆனால் இருவர் உதட்டிலும் சிரிப்பு. ஜாவாவின் இந்த சோலோ ஊரில் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன், இந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

நான் பிறந்து வளர்ந்த சியந்தாரில் என்றால் இந்நேரம் ஒரு நாற்காலியாவது பறந்திருக்கும். மறுநாள் இருவரும் ஒரே மேசையில் பன்றிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஜனவரி 15, செவ்வாய்

கணக்கு வகுப்பு. பள்ளியை விட்டு நின்றுபோன முப்பத்தொரு பேர் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான தேர்வு எழுதக் காத்திருக்கிறார்கள். நிங்சி சலவைக் கடையிலிருந்து நேராக வந்தாள், கை இரண்டும் ஊறிப்போய். இருபது வயது, இடுப்பில் ஒரு குழந்தை. செவிலியர் உதவியாளர் படிப்பில் இந்த ஜூலையில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சான்றிதழ் இருந்தால்தான்.

"பேரெல்லாம் குடுத்தாச்சாம்மா?" என்று கேட்டாள். பதிவுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 15. குடுத்துடுவோம் என்றேன்.

ஜனவரி 21, திங்கள்

தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் பட்டியலில் தலைவர், நிறுவனர் இருவர் கையெழுத்தும் வேண்டும். காலையில் ஹார்தோனோ வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கூண்டிலிருக்கும் பறவைக்குத் தீனி வைத்துக்கொண்டே சொல்கிறார்: "ஐயையோ, நான் எப்படி முதல்ல போடறது? அம்மா பெரியவங்க. அவங்க போடட்டும், அடுத்த நிமிஷம் நான் போட்டுடறேன்."

வண்டியை ரத்மியம்மா வீட்டுக்குத் திருப்பினேன். இனிப்புத் தேநீர், கடலை. "அவர் தலைவரில்லையா தியுர்மா? தலைவருக்கு முன்னாடி நான் கையெழுத்துப் போட்டா நல்லாவா இருக்கும்? அவர் போடட்டும்."

மரியாதையாம். இதைவிடக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்ளலாம்.

ஜனவரி 24, வியாழன்

மறுபடியும் இரண்டு வீடு. மறுபடியும் அதே பதில். பெட்ரோல்தான் தீர்ந்தது.

ஜனவரி 27, ஞாயிறு

இன்றைய கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசிய விஷயம்: கூட்டம் ஞாயிற்றுக்கிழமை வைப்பதா, சனிக்கிழமை வைப்பதா. பட்டியலை நான் நடுமேசையில் வைத்தேன். எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பிறகு தட்டைப் பார்த்தார்கள். "மெதுவாப் பாத்துக்கலாம்" என்றார் தார்ஜோ. குழுவில் அவருக்குத் தெரிந்த வசனம் அது ஒன்றுதான். வாக்கெடுப்பு வைக்கலாமே என்றேன். நான் ஏதோ துணியை அவிழ்த்துவிட்ட மாதிரி திடுக்கிட்டார்கள். ஒருமனதாக இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. கை தூக்கினால் யாரோ ஒருவர் தோற்றுப்போவாராம், அது அநாகரிகமாம்.

இதற்கெல்லாம் காரணம் எனக்குத் தெரியாதா என்ன? டிசம்பரில் ஆண்டு விழா. மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, உச்சியைத் தலைவர் வெட்டி எடுத்து, அன்றைக்கு யார் பெரியவரோ அவர் கையில் கொடுப்பது வழக்கம். பதினான்கு வருஷமாக அது ரத்மியம்மா கைக்குத்தான் போனது. இந்த முறை ஹார்தோனோ அதைக் கொண்டுபோய், குழுவுக்குப் புதிதாக வந்த பாத்திக் துணிக்கடை குஸ்னாடியிடம் நீட்டினார். ரத்மியம்மா கை பாதி வரைக்கும் நீண்டுவிட்டது. அந்தக் கையைக் காதுத் தோட்டைச் சரிசெய்வதுபோலக் கொண்டுபோனார் பாருங்கள்! நான் எதிரில்தான் நின்றேன். பாவமாகத்தான் இருந்தது.

அதற்காக? ஒரு கைப்பிடி சோற்றுக்காக முப்பத்தொரு பேர் வாழ்க்கையை ஊறுகாய் போடுவதா?

பிப்ரவரி 3, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மூன்றாவது கப் தேநீர் வந்தது. ஹார்தோனோ வகுப்பறைத் திரைச்சீலையின் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதற்குமேல் தாங்கவில்லை எனக்கு. "திரைச்சீலை கிடக்கட்டும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. அன்னிக்கி சோத்து உச்சியை அம்மாவுக்குக் குடுக்கல, அதானே விஷயம்? ஐயா, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அம்மா, நீங்களும் விட்டுடுங்க. இப்பவே இங்கயே ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ரத்மியம்மா புன்னகையோடு, "சோறா? எந்தச் சோறு?" என்றார். ஹார்தோனோ, "எனக்கும் ஞாபகம் இல்லையே" என்றார். துணிக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். தார்ஜோ வறுவல் தட்டை என் பக்கம் தள்ளினார். பத்தே நிமிஷத்தில் கூட்டம் கலைந்தது.

வீட்டுக்காரர் யோனோ ஜாவாக்காரர். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் தெரிஞ்சதை ஏம்மா சத்தமாச் சொன்ன?"

எல்லாருக்கும் தெரிந்ததை வேறு எப்படிச் சொல்வது? ஆனாலும், தவளை தன் வாயால் கெடும் என்பது சரிதான். அவர்களுக்கு இனி இறங்கி வரவும் வழியில்லாமல் செய்துவிட்டேனோ?

பிப்ரவரி 10, ஞாயிறு

கூட்டம் ரத்து. ரத்மியம்மாவுக்குத் தலைவலி. ஹார்தோனோவுக்கு உறவினர் வீட்டுக் கல்யாணம். தார்ஜோவுக்கு மழை. வெளியே வெயில் கொளுத்துகிறது.

பிப்ரவரி 12, செவ்வாய்

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நிங்சி மட்டும் நின்றாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"பேர் குடுக்கலைதானே?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆமாம் என்றேன்.

"போன வருஷம் நான் வயித்துல புள்ளையோட இருந்தேன், எழுத முடியல. அது என் தலையெழுத்து. இது யாரு தலையெழுத்தும்மா? பெரியவங்க ரெண்டு பேரு பேசிக்கலைன்னா நாங்க இன்னொரு வருஷம் துணி துவைக்கணுமா?" குரல்கூட உயரவில்லை. அழவும் இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இல்லத்தின் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எழுதியவர்கள் நாங்கள்தான், ஒருவரும் படித்ததில்லை. தேர்வுப் பட்டியலுக்கு இரண்டு கையெழுத்து. ஆனால் ஒரு மாணவர் வேறு மையத்துக்கு மாறிப் போவதற்கு? செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் போதும்.

முத்திரை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பிப்ரவரி 13, புதன்

காலையில் கார்தாசுராவில் மோட்டார் பட்டறைக்காரர் ஒருவர் நடத்தும் மையத்துக்குப் போனேன். ஏற்கெனவே பதிவான மையம். தேர்வுக்குப் பெயர் அனுப்பலாம். கையில் கிரீஸோடு எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "முப்பத்தொண்ணா? உக்கார இடம் இருக்காதே. சரி விடுங்க, நின்னு படிக்கட்டும். நாளைக்குக் காயிதம் கொண்டு வாங்க." அவ்வளவுதான். ஒரே நிமிஷம். இதற்கா மூன்று வாரம் அலைந்தேன்?

மத்தியானம் என் நகல் கடையின் கதவை அடைத்துவிட்டு முப்பத்தொரு கடிதம் அடித்தேன். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். பயமில்லை என்று எழுதினால் அது பொய். பதினொரு வருஷம் இந்த இல்லத்துக்கு உழைத்திருக்கிறேன். இது துரோகமா? யோனோவைக் கேட்டேன். "துரோகந்தான். செய்" என்றார்.

பிப்ரவரி 15, வெள்ளி

முப்பத்தொரு பேரும் பதிவாகிவிட்டார்கள். ரசீது வாங்கிப் பார்த்தேன்.

பிப்ரவரி 19, செவ்வாய்

துனாஸ் இல்லத்தில் வகுப்பு நேரத்துக்கு நான் மட்டும் போய்ப் பூட்டைத் திறந்தேன். காலி பெஞ்சுகள். சாவியையும் முத்திரையையும் கடிதத்தோடு மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 24, ஞாயிறு

நாலு மணிக்கு வாசலில் கார் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரே காரில் ஹார்தோனோவும் ரத்மியம்மாவும்! ஹார்தோனோ ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டு, "பாத்து இறங்குங்கம்மா, படி இருக்கு" என்று கைத்தாங்கலாக இறக்கினார். பின்னால் தார்ஜோ, பழக்கூடையோடு.

உட்கார்ந்தார்கள். மழையைப் பற்றி, என் மாமரத்தைப் பற்றி, தேநீரின் ருசியைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார்கள். ஹார்தோனோ பாதி சொன்னால் மீதியை அம்மா முடிக்கிறார். மூன்று வாரம் முன்னால் நான் கெஞ்சிக் கேட்டது இதைத்தானே! கடைசியில், கிளம்புகிற நேரத்தில், ரத்மியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க தியுர்மா. குழு முழுக்க அப்படித்தான் நினைக்குது. ஓய்வெடுங்க."

"எல்லாருமா நினைக்கிறீங்க?"

"ஒருமனதாங்க" என்றார் ஹார்தோனோ. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார். அம்மாவும் ஆட்டினார்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை? கிடையாது. என்னை வெளியே தள்ளுவதில் சமாதானமாகிப் போனார்கள். கார் திரும்பும் வரை நானும் பல்லைக் காட்டிக்கொண்டே கையசைத்தேன். பிறகு சமையலறைக்குப் போய் அழுதேன். நன்றாக அழுதேன், சத்தம் போட்டு, எங்கள் ஊர் அழுகை.

மார்ச் 5, செவ்வாய்

பட்டறையில் கணக்கு வகுப்பு. இரண்டு பேருக்கு ஒரு டயர், அதில்தான் உட்கார்ந்தார்கள். இங்கே குழு எதுவும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

தேர்வு ஆரம்பம். மதியம் ஒன்றரை மணிக்கு முப்பத்தொரு பேரும் உள்ளே போனார்கள். நிங்சியின் குழந்தை என் மடியில். அரிசிப்பொரியை என் சேலை முழுக்கச் சிந்தியது.

வழியில் துனாஸ் இல்லத்தைத் தாண்டித்தான் வந்தேன். திரைச்சீலை புதுசு. ஒற்றுமைக்குக் குறைச்சலில்லை என்று தார்ஜோ வீட்டம்மா சந்தையில் சொன்னார். புது மாணவர் ஒருவரும் சேரவில்லையாம். மனசு கொஞ்சம்கூட இளகவில்லை. இளகாததற்கு வெட்கமும் இல்லை.

இன்று குடிமையியல் தாள். நிங்சி வெளியே வந்தவள் குழந்தையை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"எப்படிடீ எழுதின?"

"பெரிய கேள்வி ஒண்ணு வந்துச்சும்மா. எல்லாரும் உக்காந்து பேசி ஒருமனதா முடிவெடுக்கறதோட நன்மைகள் என்னன்னு."

"ஐயோ. என்ன எழுதின?"

"ரெண்டு பக்கம் எழுதினேன். அத்தனையும் பொய்."