அந்த நீல விளக்கை மாட்டியவன் நான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்று மட்டும் எழுதச் சொன்னாள் அம்மா. என் இடது கண் திறக்கவில்லை, நம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஊசி அத்தைக்கு முன்பற்கள் மூன்று போய்விட்டன, இதை எந்தச் சுகத்தில் சேர்ப்பது?

செவ்வாய்க்கிழமை மதியம் ஆஸ்பத்திரி நடையில் ஏணிமேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தேன். சிசு வார்டில் லாரிக்காரர் ஒருவரின் ஆறு நாள் குழந்தை காமாலையோடு கிடந்தது. இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்தும் காமாலை இறங்கவில்லை, ஏறியது. ரத்தத்தையே மாற்றினார்கள், அதற்குள் உடம்பு பின்பக்கமாக வில்லாய் வளைந்துவிட்டது, சத்தம் போட்டாலும் திரும்பவில்லை, காமாலை மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். லாரிக்காரரும் தம்பிகளும் வந்தார்கள். வார்டு வாசலை மறித்து நின்றது ஊசி அத்தை ஒருத்திதான். "பாத்துக்கறேன்னு சொன்னியேடி, என்னத்தடி பாத்த?" என்று கொண்டையைப் பிடித்து முகத்தைக் கை கழுவும் தொட்டியில் மோதினார்கள், பீங்கான் உடைந்தது, விழுந்தவளின் விரல்களை மிதித்தார்கள், உனக்குத் தடுப்பூசி போட்ட விரல்கள். நான் குதித்துக் குறுக்கே விழுந்தேன், என் ஸ்பேனரைப் பிடுங்கி என் கண்ணிலேயே போட்டார்கள். பெரிய டாக்டர்கள் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள்.

போன மாதம் நீ ஃபோனில் சொன்னது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. ரத்தத்திலிருந்து மூளைக்குப் போகிற வாசலில் விஷத்தை முறிக்கும் நொதிகள் இருக்கின்றன, காமாலை ஏறினால் அந்த நொதிகளின் வேலையே மந்தமாகிறது, ஆய்வுக்கூடத்து எலிக்குட்டிகளில் பார்த்தோம் என்றாய். "வேற விஷம் வந்தாலும் தடுக்க ஆள் குறைவுப்பா" என்றாய். "எங்க வாட்ச்மேன் மாதிரியா, திருடன் வர்ற நேரம் பாத்துத் தூங்குவானே?" என்று நான் சிரித்தேன். சிரித்தவன் செய்த வேலையைக் கேள்.

அந்தக் குழந்தைக்கு வைத்த நீல விளக்குப் பெட்டியில், அது பிறக்கும் முன்பே நாலு ட்யூபில் இரண்டு எரியவில்லை. ஸ்டோர் அதிகாரியிடம் மூன்று வாரம் கேட்டேன். கடைசியில் பெயர்ப்பலகைக்கு வாங்கி மிஞ்சின இரண்டை நீட்டினார், "நீலம்தானய்யா கேட்ட, இதுவும் நீலம்தான், மாட்டு." மாட்டினேன். சரிபார்த்தேன் என்று கையெழுத்தும் போட்டேன். பழைய ட்யூபின் முனையில் இருந்த எண் வேறு என்பதை அடிதடிக்கு அப்புறம்தான் பார்த்தேன். கண்ணுக்கு நீலம், காமாலையை இறக்கும் ஒளி அதில் பேருக்குக்கூட இருக்காது. முப்பது வருஷ எலக்ட்ரீஷியன் உன் அப்பன்.

கண்காணிப்பாளர் என் தோளைத் தட்டி வீரன் என்றார், கவனக்குறைவு என்று ஊசி அத்தையைத்தான் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். ஸ்டோர்க்காரர் காதோரம் வந்து, "ரெண்டையும் உடைச்சுப் போட்டுடு, உனக்கும் நல்லது எனக்கும் நல்லது" என்றார். ஊசி அத்தை கிழிந்த வாயோடு என் கையைப் பிடித்து, "அண்ணே, நீங்க வரலன்னா செத்திருப்பேன்" என்றாள். ஸ்பேனர் அடியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ட்யூபுகளைக் கழற்றினேன், உடைக்கவில்லை. உன் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன், அம்மாவைப் பெருக்க விடவில்லை. நாளை பத்து மணிக்கு விசாரணை. இரண்டையும் மேசைமேல் வைத்து, கொடுத்தவர் இவர், மாட்டியவன் நான் என்று சொல்லப்போகிறேன். லாரிக்காரரும் அங்கே இருப்பார், இன்னொரு கண்ணும் போகலாம். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்போது எனக்கு வேலை இருக்காது, அதற்காக ஓடி வராதே, உன் வேலையைப் பார்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கையால் நாலு குழந்தை பிழைக்க வேண்டும். உன் ஆய்வுக்கூடத்தில் யாராவது ஏணியோடு வந்தால், அவர் என்ன மாட்டுகிறார் என்று கேள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா