பேயிடம் குறி கேட்ட குப்பம்மா

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் என் குறும்படத்தின் பேய்க் காட்சி கெட்டது. தையல்கடை வைத்திருக்கும் என் அண்ணி அமுதவல்லிக்கு வெள்ளைப் புடவை கட்டி, தலையை விரித்துப் போட்டு, கண்ணைச் சுற்றி மை அப்பி ஜமுனாமரத்தூர் சாலையோரம் நிறுத்தியிருந்தேன். படப்பிடிப்பு என்று தெரியாமல் மாட்டைத் தேடி வந்த எங்கள் ஊர்க் குப்பம்மா அலறி ஓடுவார் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"ஆத்தா, எம்மாட்டக் காணோம். எந்தப் பக்கம் போச்சு, சொல்லு."

அண்ணி வெலவெலத்துப்போய் ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். படம் பிடித்த என் நண்பன் அருண்ராஜ் கேமராவை நிறுத்தவே இல்லை, தடியன்.

பிப்ரவரி 22

எடிட் செய்து பார்த்தோம். என் பேய்க்கு யாரும் பயப்பட மாட்டார்கள். அருண்ராஜ் சிரித்துச் சிரித்து இருமினான். "குப்பம்மா வர்ற எடந்தான் படம், கோகிலா. மிச்சமெல்லாம் கல்யாண வீடியோ."

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவளிடம் சொல்கிற வார்த்தையா இது? அழுகையாக வந்தது.

பிப்ரவரி 23

அவன் சொன்னது சரி.

மார்ச் 16

மாற்றி எடுத்து முடித்தோம். யாரும் பயப்படாத பேய். ஊரே அதைச் சாமி என்று நினைத்துக் குறி கேட்கிறது, பேய் நொந்துபோகிறது. எனக்கே சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் மற்றவர்கள் நடித்தார்கள், குப்பம்மா நிஜமாகக் கேட்டார். அவர் கூடாது என்றால் படமே இல்லை. எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்?

மார்ச் 18

கேட்டுவிட்டேன். என் போனில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, "அப்போ அது ஆத்தா இல்லியா?"

செத்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"இன்னாத்துக்கு? மாடு ஓடையாண்டதான் கெடச்சுது. யாரு சொன்னா இன்னா? படத்த வெளிய வுடு. முன்னாடி சீட்டு எனக்கு."

ஏப்ரல் 20

வெளியீடு. சமுதாயக் கூடத்தில் நிற்கவும் இடமில்லை. குப்பம்மா வரும் காட்சியில் கூடமே வெடித்துச் சிரித்தது. நான் முன்சீட்டையே பார்த்தேன் — அவர் மனசு நொந்தால்? குப்பம்மா எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நல்லா சிரிங்க. எம்மாடு கெடச்சுதுல்ல?"

அப்புறம் எழுந்த கைதட்டலில் அடுத்த வசனம் யார் காதிலும் விழவில்லை. ஜெயிச்சுட்டேன். நான் ஜெயிச்சுட்டேன்.

ஏப்ரல் 22

யூடியூபில் போட்ட படத்துக்குக் கமெண்ட்: "ஆத்தா, எனக்கு எப்போ வேலை கிடைக்கும்?" இதே போல இன்னும் எத்தனையோ.

ஜூன் 12

வேலூர்க் குறும்பட விழாவின் முடிவு வந்துவிட்டது, பரிசளிப்பு அடுத்த வாரம். சிறந்த நகைச்சுவைப் படம் எங்களுடையது. சிறந்த நடிகை, குப்பம்மா.

"நான் இன்னா நடிச்சேன்? மாட்டத்தானே தேடுனேன்" என்கிறார்.

அண்ணி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. "வெயில்ல தலய விரிச்சிக்கினு நின்னவ நானு" என்பது மட்டும் கேட்டது. சாயங்காலம் கடைக்குப் போனேன். குப்பம்மா மேடையேறப் போட்டுக்கொள்ள அண்ணி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார், முணுமுணுத்துக்கொண்டேதான்.