பால் காய்ச்சிய அன்று போட்ட அஞ்சு ஸ்டார்

அன்பு மகள் ரஞ்சனிக்கு,

மன்னார்புரத்திலிருந்து அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், என் நெற்றியில் ஆறு தையல், வேறொன்றுமில்லை. பூனாவில் உன்னை நோய்நொடியில்லாமல் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் அம்மா அனுப்பும் பருப்புப்பொடியோடு இதை வைக்கிறேன். பதினைந்தாம் தேதி அங்கே பார்த்திருக்கும் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போவதாகச் சொன்னாயே, அதற்கு முன் இதைப் படித்துவிடு.

மேல்வீட்டில் தனியாக இருக்கும் நர்ஸ் பெலிண்டா, நீ லீவுக்கு வந்தபோது உனக்குப் பூ வைத்துவிட்டவள். போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவள் வீட்டுக்குள் ஹவுஸ் ஓனரின் தம்பி குடித்துவிட்டு மாற்றுச்சாவி போட்டு நுழைந்துவிட்டான், படுபாவி. வெளியே ஓடப் பார்த்தவளின் கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கி, முடியைப் பிடித்துச் சுவரில் மோதியிருக்கிறான். நான் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த கடப்பாரையோடு ஓடினேன். மூன்று விரல் நொறுங்கி வாயெல்லாம் ரத்தமாக அந்தப் பிள்ளை படியில் கிடந்தது. அவன் பூட்டால் என் நெற்றியில் அடித்தான், நான் அவன் தோளிலும் முழங்காலிலும் போட்டேன், எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. போதுங்க, செத்துருவான், விட்டுடுங்க என்று அம்மா என் இடுப்பைக் கட்டிக்கொள்ளாவிட்டால் கொன்றிருப்பேன். போலீஸிலும் அப்படியேதான் சொன்னேன். அவனை ஆஸ்பத்திரியில் காவல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அதைவிட வலித்தது வேறு. பெலிண்டாவைப் பார்க்கப் போனபோது, நெட்டில் நீங்க போட்ட ரிவ்யூவைப் பார்த்துத்தான் அங்கிள் இந்த வீட்டுக்கு வந்தேன் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாங்கள் பால் காய்ச்சிய அன்று ஓனர் பழத்தட்டோடு வந்து, ஒரு அஞ்சு ஸ்டார் போட்டு விடுங்க சார் என்று பக்கத்திலேயே நின்றான். நல்ல காரியத்தில் முகத்தை முறிக்கக் கூடாதென்று, தனியாக இருக்கும் பெண்களுக்குப் பாதுகாப்பான இடம் என்று எழுதினேன். அதுவரை அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடப் படுத்திருக்கவில்லை ரஞ்சனி! பழைய குடித்தனக்காரி ஒருத்தி ஒரே ஸ்டார் போட்டு, முதலில் பூட்டை மாற்றுங்கள் என்று எழுதியிருந்தாள். சண்டைக்காரி என்று ஓனர் சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன்.

நீ அனுப்பிய வீட்டின் நாற்பத்தொரு ரிவ்யூவையும் தையலோடு உட்கார்ந்து படித்தேன். முப்பத்தெட்டில் சூப்பர் வீடு, தங்கமான ஓனர், அவ்வளவுதான். தண்ணீர் எப்போது வரும், படியில் லைட் எரியுமா, ஒருத்தரும் எழுதவில்லை. குடியிருந்தவன் முதலில் அதைத்தான் எழுதுவான். மிச்சம் மூன்று பேர் மூன்று வேறு வருடங்களில் ஒன்றையே எழுதியிருக்கிறார்கள், பின்கதவுத் தாழ்ப்பாள் நிற்காது, சொன்னால் ஓனர் திட்டுகிறார் என்று. அந்த வீடு வேண்டாம். வாடகை கொஞ்சம் கூடினாலும் வேறு பார், நேரில் போய் அங்கே குடியிருக்கும் பெண்களைக் கேள்.

என் ரிவ்யூவை ஒரு ஸ்டாராக மாற்றி நடந்ததை எழுதிவிட்டேன். காலை வெட்டுவேன் என்று ஓனர் போன் பண்ணினான். வரட்டும், கடப்பாரை கதவோரம்தான் இருக்கிறது. காட்டூரில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம், பெலிண்டாவும் எங்களோடு வருகிறாள்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் அன்றைக்கே பூட்டை மாற்று. பால் காய்ச்சும் அன்று யார் கேட்டாலும் ஓர் எழுத்துகூடப் போடாதே, அதை நம்பி இன்னொருத்தி வருவாள்.

உன் அப்பா,
ரெங்கராஜ்