வாடை போய்விட்டது என்றார் அப்பா

அன்புள்ள கரேன் அக்காவுக்கு,

தம்பி எல்வின் எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். முழுதும் படித்துவிட்டு அதை நீயே முடிவு செய்துகொள்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். இதை உன்னிடம் வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதோடு உன்னிடம் ஒரு பொருளும் சேர வேண்டும். ஹஃபீஸ் காய்கறி லோரியில் சிங்கப்பூர் போகிறவன். ஜொகூரில் இறங்கி உன் கையில் கொடுப்பான். உறைக்குள் கருப்பாக ஒரு சின்னத் துண்டு இருக்கும். குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதே.

அந்த மோரிஸ் மைனர் விஷயம்தான். தோட்டத்துப் பழைய துரை விட்டுப்போன காரில் உன்னைக் கல்யாணத்தன்று மாதா கோயிலுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவதாக, நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். எஞ்சினை நான் சரி செய்துவிட்டேன். பிரேக் புதுசு. மிச்சம் பெட்ரோல் டேங்க் மட்டும். கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே செங்கல் பொடி மாதிரித் துரு. அடியில் பழைய பெட்ரோல் தார் மாதிரிக் கெட்டிப்பட்டுக் கிடந்தது.

வேலை கஷ்டமில்லை, வரிசை தப்பக் கூடாது, அவ்வளவுதான். முதலில் சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, பெட்ரோல் ஆவி துளிகூட இல்லாமல் போக்க வேண்டும். பிறகு வினிகர் ஊற்றி, உள்ளே சங்கிலித் துண்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுக்க வேண்டும். கழுவி, நன்றாகக் காயவைத்து, கடைசியில் துரு தின்ற ஓட்டைகளை அடைக்கும் சீலர் பூச்சை உள்ளே பூச வேண்டும். நான் ஒரு தடவை அலசிவிட்டு, சீலர் வாங்கத் தானா ராத்தா டவுனுக்குப் போனேன். இன்னும் சில தடவை அலசாமல் அதைத் தொடாதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்தால் ஷெட்டில் டேங்க் இல்லை.

மழை மாதத்தில் நம் லயத்து வீடுகளில் எதுவும் காயாது என்பது உனக்குத் தெரியும். உன் பள்ளிச் சப்பாத்து, என் ஞானஸ்நானச் சட்டை, எல்லாம் தேயிலை ஃபேக்டரி அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைத்ததுதான். அப்பா அந்தப் பழக்கத்தில் டேங்கையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். விறகு எரியும் அடுப்புக்கு எதிரே, டேங்க் மூடியைத் திறந்து வைத்திருந்தார்.

ஃபேக்டரி வாசலிலேயே பெட்ரோல் வாடை என் மூக்கில் அடித்தது. ஓடிப்போய்த் தூக்கினேன், கை சுட்டது, வெளியே மழையில் கொண்டுபோய்ப் போட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். அங்கே நின்றவர்களைப் பார்த்துக் கத்தினேன், உங்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா என்று. அடுப்பில் வேலை செய்யும் புவனேஸ் அக்கா அழுகிற மாதிரி ஆகிவிட்டது. “நான் அப்பவே சொன்னேன் தம்பி, வாடை தூக்குதுன்னு. உங்கப்பா அல்போன்ஸ் அண்ணன் உள்ள மூக்க விட்டு மோந்து பாத்துட்டு, ஒண்ணுமில்ல போன்னாரு. அவரே சொன்னப்புறம் நாங்க என்னத்தப் பேச லா?” என்றது.

இதைக் கேட்டதும்தான் அக்கா எனக்கு விஷயம் உறைத்தது. அடுப்பில் தேயிலைத் தூள் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்தாலும் வாசலில் நின்றே சொல்கிற மூக்கு அப்பாவுடையது. ஓய்வு பெற்ற பிறகும் அதற்காகத்தான் அவரை இன்னும் கூப்பிட்டு அடுப்புப் பக்கம் நிற்க வைக்கிறார்கள். அத்தனை பேர் மூக்கிலும் ஏறிய வாடையை அப்பா இல்லை என்றார். அத்தனை பேரும் தங்கள் மூக்கை விட்டுவிட்டு அவரை நம்பினார்கள்.

நான் சோதித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் கோட்டுப் பையில் டீசலில் நனைத்த துணியைச் சொருகி வைத்தேன். (பெட்ரோலில் நனைக்க எனக்குப் பைத்தியமில்லை.) பூசை முழுக்க அதோடு உட்கார்ந்திருந்தார். முன் பெஞ்சு ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முழங்கையால் இடித்து, “என்னங்க இது, லோரிக்கு அடியில படுத்துட்டா வந்தீங்க?” என்று கேட்டாள். அப்பா சிரித்தார். பிறகு கோயில் வாசலில் என்னைப் பார்த்து, கார் வேலை செய்தால் நாற்றம் வரத்தான் செய்யும் என்று அம்மாவிடம் சொன்னார். அவருக்கு வாடை தெரியவே இல்லை. தெரியவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு டேங்க் வேலை முழுவதையும் நானே செய்தேன். துரு சுத்தமாகப் போனது. சீலர் பூசினேன். இந்தக் குளிரிலும் பனியிலும் சீலர் லேசில் காயாது. சீலரில் கலந்த தின்னர் வாடை உள்ளே வருகிறவரை காயவில்லை என்று அர்த்தம். அதனால் தொடாதீர்கள் என்று மறுபடியும் சொல்லிவிட்டு நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முட்டாள்தனம். வாடையே தெரியாதவரிடம் சொல்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வந்தால் அப்பா டேங்கை மாட்டி, பெட்ரோல் ஊற்றி, கோலா தெர்லா வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து ஷெட் வாசலில் நிற்கிறார். மழைக்காகக் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. “மோந்து பாத்துட்டுத்தான் மாட்டுனேன்டா, வாடை போயிருச்சு” என்றார். நான் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த நெடியில் எனக்குக் கண் எரிந்தது. பின்பக்க டிக்கியைத் திறந்தால் டேங்க் மேல் விரித்திருந்த சாக்கு பெட்ரோலில் நனைந்து கிடந்தது. காயாத சீலர் தோல் தோலாக உரிந்து, பழைய துரு தின்ற ஓட்டை திறந்துகொண்டது. பக்கத்திலேயே பின்விளக்கு ஒயர். ஒரு பொறி போதும். கோயிலுக்குப் போகும் அன்று பின் சீட்டில் நீ உட்கார்ந்திருப்பாய்.

டேங்கைக் கழற்றி முதலிலிருந்து செய்யலாம் என்றேன். “உனக்கு டிப்ளோமா குடுத்தவன் என் கார எப்படி ஓட்டணும்னும் சொல்லிக் குடுத்தானா?” என்றார். நானும் நேராகவே சொல்லிவிட்டேன், உங்களுக்கு வாடையே தெரியவில்லை அப்பா என்று. அப்பா துணியை எடுத்துப் பானெட்டைத் துடைத்தார். பிறகு, “தெரிஞ்சா ஃபேக்டரியில கூப்பிட மாட்டானுங்க. கல்யாணம் முடியட்டும். அக்கா காதுல போடாதே” என்றார். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். அதுவும் கல்யாணத்துக்குப் பிறகாம். மூக்கு திடீரென்று நின்றுபோவதற்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு, சாதாரணமில்லாதவையும் உண்டு. படித்துப் பார்த்தேன். உனக்கு எழுதப்போவதில்லை.

டேங்கிலிருந்த பெட்ரோலை வடித்துவிட்டேன். ஆனால் ஒரு கேன் வாங்கி வந்து ஊற்ற அவருக்கு எவ்வளவு நேரமாகும்? அதனால்தான் உறைக்குள் இருக்கும் அந்தத் துண்டு. அது ரோட்டர். எஞ்சினுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றுவது. அது இல்லாமல் கார் ஸ்டார்ட் ஆகாது. வீட்டில் எங்கே ஒளித்தாலும் தேடி எடுத்துவிடுவார். உன்னிடமே இருக்கட்டும்.

இன்று காலை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். ரோட்டர் இல்லை என்று கண்டுகொண்டார். காப்பி குடித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, கம்போங் ராஜாவுக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே நல்லுசாமி கடைக்குப் பின்னால் இதே மாதிரிக் கார் ஒன்று புல் முளைத்துக் கிடக்கிறது என்று உனக்கும் தெரியும். அதிலும் ஒரு ரோட்டர் இருக்கும்.

நான் தடுத்தால் அவருக்கு வீம்புதான் ஏறும். நீ அப்பாவைப் போனில் கூப்பிடு அக்கா. டேங்க், மூக்கு, எதையும் கேட்காதே, அழாதே. கல்யாணத்தன்று நீங்கள் ஓட்ட வேண்டாம் அப்பா, பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள், எல்வின் வேறு காரை ஓட்டட்டும் என்று மட்டும் கேள். உனக்கு இல்லை என்று அவர் இதுவரை சொன்னதில்லை. நீ கூப்பிடுகிறவரை நான் வேலைக்குப் போகாமல் ஷெட் வாசலில்தான் இருப்பேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நான் ஜெபம் பண்ணுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை பண்ணினேன். ஆண்டவர் உன்னையும் இந்த வீட்டையும் காக்கட்டும்.

உன் தம்பி,
எல்வின்

உறையை ஒட்டுவதற்குள் அப்பா வந்துவிட்டார். கோட்டுப் பையைத் தட்டிக் காட்டி அம்மாவிடம் சிரிக்கிறார். அடுப்பில் அம்மா வைத்த குழம்பு அடிப்பிடித்துத் தீய்கிறது. அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று, இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்கிறார். ஹஃபீஸ் கீழே ஹார்ன் அடிக்கிறான். கையில் கிடைத்ததும் கூப்பிடு அக்கா.