துடுப்பில் ஏறிய பச்சை

போடி

அன்பு மகன் ஃபயாஸுக்கு அம்மாவின் ஸலாம். அல்லாஹ் உதவியில் நானும் அத்தாவும் நல்லபடி இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வெயிலில் அலையாமல் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் மீன் பேச்சை எடுத்ததுமே விட்டுடுங்கம்மா என்று வெட்டிவிடுகிறாய், கடிதத்தை வெட்ட முடியாதில்லையா, அதனால் துபாய் கிளம்பும் மாரீஸ்வரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அடிவாரத் தோட்டத்துக் குட்டையில் நாம் விட்ட ஜிலேபி மீனுக்கெல்லாம் துடுப்பும் வயிறும் பச்சையாகிவிட்டது, நல்ல கிளிப்பச்சை. மீன் பிடிக்க வந்த ஜக்கையன் அண்ணன் பார்த்துவிட்டு, கறுப்புத் தார்ப்பாய் விரிச்ச குட்டையில மீன் கறுக்கும், சேத்துத் தண்ணியில வெளுக்கும், சீக்கு வந்தா செவந்து புண்ணாகும், இது எதுலயும் சேரலையே தங்கச்சி என்றார். பாசியாக இருக்கும் என்றார் உன் அத்தா, அவருக்கு எதுவானாலும் பாசிதான். நான் விடவில்லை, சிலதைப் பிடித்து வெள்ளைத் தொட்டியில் போர்வெல் தண்ணீரில் விட்டு வைத்தேன், உடம்புக் கறுப்பு வெளிறியதே தவிர துடுப்பின் பச்சை போகவில்லை. சரி, தண்ணீர் வரும் வழியைப் பார்ப்போம் என்று ஓடையோரமாகவே மூச்சு வாங்க மேலே ஏறினேன். உன் ராஜா முகம்மது மாமு காய் உலர்த்தும் ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால், பச்சைச் சாயம் கரைத்த டிரம்மை ஓடையில் சாய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெளுத்த காய்க்குக் கலர் ஏற்றினால் ஏலத்தில் எடுபடும், அதற்குத்தான். கூடப் பிறந்தவன் செய்கிற சோலியா இது என்று எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கீழே ஓடையோரம் குடியிருக்கும் காளீஸ்வரியின் பிள்ளைகள் அந்த ஓடையில்தான் குளிக்கின்றன.

அவனிடம் நேரில் போய்ச் சொன்னேன். நிறுத்திவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மீன் போனால் போகிறது என்று திரும்பியிருப்பேன். புகாரு மனுன்னு போனா எம் மக ஷம்னாவை ஒம் மகனுக்குக் கட்டிக் குடுக்க மாட்டேன்க்கா என்றான். நீயும் அதற்குத்தான் பயப்படுகிறாய், தெரியும். எனக்கு மட்டும் ஆசை இல்லையா, கல்யாணச் சேலைகூட எடுத்துவிட்டேன். ஆனாலும் திங்கட்கிழமை மீனையும் ஓடைத் தண்ணீரையும் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுக்கத்தான் போகிறேன், புகாரும் எழுதத்தான் போகிறேன். சாயம் இல்லை என்று வந்தால் உன் மாமுவிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று ஷம்னாவை வரச்சொல்லி எதையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனுவுல எம் பேரையும் போடுங்க மாமி, அத்தா கோவிச்சா கோவிக்கட்டும், மச்சான் என்ன சொல்றாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க என்றாள். அதை நான் கேட்டுச் சொல்ல மாட்டேன், அவனே சொல்லட்டும் என்றேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நெஞ்சுத் தைரியமும் தரட்டும். இருமல் மருந்தை விட்டுவிடாதே. கடிதம் கிடைத்ததும் மாமுவுக்குப் போன் போடாதே, எனக்கும் வேண்டாம், ஷம்னாவுக்குப் போடு.

உன் அம்மா
அலிமா