உப்புப் பானையில் பட்டன் பேட்டரி

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்க அனுப்பின காது மிஷின் வந்துடுச்சு. போன்ல சொல்லலாம்னா நீங்க ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவீங்க, ரூமே கேக்கும். அதான் மஸ்கட்டுக்குத் திரும்புற லியாகத் பாய் கிட்ட இந்த லெட்டரைக் குடுத்து விடுறேன்.

ஒரு உண்மை சொல்றேன், சிரிக்கக் கூடாது. பழைய மிஷினுக்கு வாங்கிக் குடுத்தீங்களே பட்டன் பேட்டரி, அதையெல்லாம் உப்புப் பானையில புதைச்சு வெச்சேன். கருவாடு கெடாம இருக்குதே, இதுவும் இருக்கும்னு நெனைச்சேன். முக்காவாசி துருப்பிடிச்சுப் போச்சு. தப்பிச்ச நாலு பேட்டரியை வெள்ளிக்கிழமை உங்க போனுக்கு மட்டும் போட்டேன். அதுவும் மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கரைப் பிரிச்சா, சும்மா வெச்சாலும் தீர்ந்துபோவுது, சனியன். மத்த நாளெல்லாம் உப்பளத்துல யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தேன்.

புதுசு செல்போன் மாதிரி சார்ஜ் ஏறுது. காலையில மாட்டினா பொழுது சாஞ்சும் நிக்குது. நேத்து பாத்தியில பலகையால உப்பு வாரும்போது சரசரன்னு கேட்டுது மாமா! பக்கத்துப் பாத்தியில என் நாத்தனார், அதான் உங்க தங்கச்சி, என்னைப் பத்திப் பேசினதும் கேட்டுது. திருப்பிக் குடுத்தேன் பாருங்க, உப்பளமே சிரிச்சுது.

ஒரே ஒரு குறை. ராத்திரி கழட்டி அதோட பெட்டியில சார்ஜுக்கு வெச்சுடணும். விடியுற வரைக்கும் ஒண்ணும் கேக்காது.

சித்திரையில லீவுக்கு வர்றேன்னீங்களே, நீங்க வர்ற அன்னிக்கு ராத்திரி மட்டும் பெட்டியில வைக்க மாட்டேன். மறுநாள் பூரா செவிடாக் கெடந்தாலும் சரி.

இப்படிக்கு,
இனிமே எந்தக் கிழமையும் உங்க போனை எடுக்கப் போறவ